பழுதான லினக்ஸ் கணினிக்கு எந்த உரைத்திருத்தி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லினக்ஸ் கணினி பூட் ஆகாமல் பாதியில் நின்றுவிடும்போது, பழுது பல நேரங்களில் ஓர் உரைக்கோப்பின் ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது. எந்த வட்டுப் பிரிவை எந்த அடைவில் பொருத்த வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், கழற்றி எடுத்துவிட்ட பழைய வட்டின் அடையாள எண் அப்படியே கிடக்கலாம்; யாருக்கு நிர்வாக உரிமை உண்டு என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் ஒரு குறி விடுபட்டிருக்கலாம்; கணினியைத் தொடங்கி வைக்கும் கிரப் நிரலின் அமைப்பில் யாரோ சோதனைக்காகச் சேர்த்த சொல் நீக்கப்படாமல் இருக்கலாம். அந்த வரியைத் திருத்த ஓர் உரைத்திருத்தி வேண்டும். நாள்தோறும் நீங்கள் பயன்படுத்தும் விஎஸ் கோடோ ஜிஎடிட்டோ அங்கே வராது. வரைகலைத் திரை எழும்பாத நிலையில், கறுப்பு முனையமும் விசைப்பலகையும் மட்டுமே உங்களிடம் மிஞ்சியிருக்கும்.

ஆகவே இந்த வேலைக்குத் திருத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது வசதி கடைசியாகத்தான் வரும். கணினியின் பெரும்பகுதி முடங்கிய பின்னும் எது ஓடும் என்பதையும், அதன் பத்துப் பன்னிரண்டு விசைகள் உங்கள் கைக்குப் பழகியிருக்கின்றனவா என்பதையும்தான் முதலில் பார்க்க வேண்டும். என் பரிந்துரையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நானோ இருக்கும் இடத்தில் நானோவைத் தயக்கமின்றிப் பயன்படுத்துங்கள், விஐ திருத்தியின் அடிப்படையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள், ஈடி (ed) திருத்திக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

கட்டளைகளின் பெயர்களை ஒலிக்கேற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். பேரெழுத்து தேவைப்படும் இடத்தை மட்டும் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?

திருத்தியைத் தேடும் முன், கணினி எந்தக் கட்டத்தில் நின்றிருக்கிறது என்று அடையாளம் காண வேண்டும். உங்கள் கைக்கு எந்தத் திருத்தி எட்டும் என்பதை அந்தக் கட்டமே முடிவு செய்கிறது.

எஃப்எஸ்டேப்பில் குறிப்பிட்ட வட்டு கிடைக்காவிட்டால், சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி நிரல் வழக்கமாக 90 விநாடிகள் காத்திருந்துவிட்டு, எமர்ஜென்சி மோட் எனப்படும் அவசர நிலைக்கு உங்களைக் கொண்டுபோய்விடும். இங்கே ரூட் கோப்பு முறைமை (லினக்ஸ் நிறுவப்பட்ட முதன்மைப் பிரிவு) பொருத்தப்பட்டிருக்கும் என்பதால், நிறுவப்பட்ட திருத்திகள் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் உள்ளே நுழைய ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் வேண்டும். உபுண்டுவில் ரூட் கணக்கு இயல்பாகவே பூட்டப்பட்டிருப்பதால், அந்தக் கதவு திறக்காமல் போவது உண்டு. அப்போது கிரப் பட்டியலில் 'ஈ' விசையைத் தட்டி, கெர்னல் வரியின் இறுதியில் முதல் நிரலாக பாஷ் (கட்டளைகளை ஏற்கும் நிரல்) ஓடும்படி சேர்த்து பூட் செய்வது பழைய வழக்கம். இப்படி நுழைந்தால் எந்தச் சேவையும் ஓடாது; ரூட் கோப்பு முறைமையும் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும்.

இதைவிட முந்தைய கட்டம் இனிட்ராம்எஃப்எஸ் முனையம். ரூட் வட்டையே கண்டுபிடிக்க முடியாதபோது இங்கே வந்து நிற்பீர்கள். உங்கள் வட்டிலுள்ள எந்த நிரலும் இன்னும் கைக்கு எட்டவில்லை. நினைவகத்தில் ஏற்றப்பட்ட சிறு தொகுப்பில் என்ன இருக்கிறதோ அது மட்டுமே உங்களுக்கு உண்டு. டெபியன், உபுண்டு வகைக் கணினிகளில் அது பெரும்பாலும் பிசிபாக்ஸ். 1990களின் நடுவில் டெபியனின் நிறுவல் ஃபிளாப்பிக்காக புரூஸ் பெரன்ஸ் தொடங்கிய இந்த நிரல், பல கட்டளைகளை ஒரே கோப்பில் அடக்கியது. அதில் சிறிய விஐ ஒன்றைச் சேர்க்க முடியும். சேர்த்திருக்கிறார்களா என்பது விநியோகத்துக்கு விநியோகம் மாறும். பிசிபாக்ஸ் (busybox) என்று தட்டினாலே அதில் உள்ள கட்டளைகளின் பட்டியல் வந்துவிடும் என்பதால், இதை ஊகிக்க வேண்டியதில்லை.

கடைசியாக லைவ் யுஎஸ்பி, அதாவது கணினியின் வட்டை நம்பாமல் தன்னிலிருந்தே லினக்ஸை ஓட்டும் யுஎஸ்பி. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறேன்.

எதை எடை போடுவது

முதலாவதாகப் பார்க்க வேண்டியது, அந்தத் திருத்தி ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறதா என்பது. அவசர நிலையில் வலையிணைப்பு இருக்காது. புதிதாக எதையும் நிறுவ முடியாது. டெபியனை வழக்கமான முறையில் நிறுவினால் நானோவும், விம்-டைனியும் (விஐயின் விரிந்த வடிவமான விம்மின் சிறிய பதிப்பு) வந்துவிடும். ஃபெடோரா 2020-இல் வெளியான 33-ஆம் பதிப்பிலிருந்து நானோவை இயல்புத் திருத்தியாக வைத்திருக்கிறது. ஆல்பைனில் பிசிபாக்ஸின் விஐ இருக்கும். ஆர்ச் லினக்ஸிலோ, 2019-இல் அடிப்படைத் தொகுப்பு மாற்றியமைக்கப்பட்டதிலிருந்து, நீங்களாகச் சேர்த்தால் ஒழிய எந்தத் திருத்தியும் இருக்காது. நிறுவும்போது அந்த ஒரு சொல்லைத் தட்ட மறந்தவர்கள் முதல் மறுதொடக்கத்துக்குப் பிறகு திருதிருவென்று விழிப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, அது எத்தனை லைப்ரரிகளை, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புகளை, நம்பியிருக்கிறது என்பது. எல்டிடி என்ற கட்டளைக்குப் பின் திருத்தியின் முழுப் பாதையைக் கொடுத்தால் பட்டியல் கிடைக்கும். வரைகலை வசதியுடன் கட்டப்பட்ட விம் நீண்ட பட்டியலைக் காட்டும். விம்-டைனியோ சிலவற்றோடு நின்றுவிடும். பாதியில் அறுந்த மேம்படுத்தலால் அடிப்படை சி லைப்ரரியே கெட்டுப்போனால், இவை இரண்டுமே ஓடாது. எந்த லைப்ரரியும் தேவைப்படாதபடி கட்டப்பட்ட பிசிபாக்ஸ்-ஸ்டாட்டிக் அப்போதும் ஓடும். ஃப்ரீபிஎஸ்டி இதற்கென்றே ரெஸ்க்யூ என்ற அடைவைத் தனியாக வைத்திருக்கிறது. அதிலுள்ள விஐயும் ஈடியும் வேறு எதையும் சாராமல் இயங்குபவை. லினக்ஸ் விநியோகங்கள் இந்த ஒழுங்கை இயல்பாகக் கடைப்பிடிக்காதது குறைதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, திரை. நானோவும் விஐயும் திரை முழுவதையும் ஆள்பவை. முனையத்தின் வகை அவற்றுக்குத் தெரிந்தாக வேண்டும். அவசர நிலையில் டெர்ம் என்ற சூழல் மாறி காலியாகவோ தவறாகவோ இருந்தால், முனையத்தைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி நானோ விலகிவிடும். விஐயில் வரிகள் கலைந்து தெரியும். கணினியின் சொந்தத் திரையின் முன் அமர்ந்திருந்தால் அந்த மாறிக்கு லினக்ஸ் என்றும், சீரியல் கேபிள் வழியாக வந்திருந்தால் விடி100 என்றும் மதிப்புக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாறியின் பெயரான டெர்ம் முழுவதும் பேரெழுத்தில் இருக்க வேண்டும், மதிப்பு சிற்றெழுத்தில்.

நானோ

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1999-இல் கிறிஸ் அலெக்ரெட்டா எழுதத் தொடங்கிய இத்திருத்தி, தட்ட வேண்டிய விசைகளைத் திரையின் அடியிலேயே காட்டிக்கொண்டிருப்பதால், பதற்றத்தில் இருக்கும் புதியவருக்கு இதைவிட இணக்கமானது வேறில்லை. கண்ட்ரோலுடன் 'ஓ' சேமிப்பதற்கு. கண்ட்ரோலுடன் 'எக்ஸ்' வெளியேறுவதற்கு.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். 2019-இல் வந்த 4.0 பதிப்புக்கு முந்தைய நானோ, நீளமான வரியைத் தட்டும்போது அதைத் தானாகவே உடைத்து இரண்டாக்கிவிடும். ஓர் அமைப்பு ஒரே வரியில் இருந்தாக வேண்டிய கோப்புகளில் இதுவே புதிய பழுதாக முடியும். பழைய சர்வர்களில் நானோவைக் கழித்தற்குறியும் 'டபிள்யூ'வும் சேர்த்துத் திறப்பது அதனால்தான். அடுத்தது, கிளவுட் சர்வரின் திரையை உலாவிக்குள் பார்த்து வேலை செய்பவர்களுக்கு: நானோவில் தேடுவதற்கான கண்ட்ரோல் 'டபிள்யூ', உலாவியில் தாவலை மூடும் விசை. திருத்தி பாதியில் நிற்க, சாளரம் மறைந்துவிடும். அங்கே எஃப்2 வெளியேறவும், எஃப்3 சேமிக்கவும், எஃப்6 தேடவும் உதவும்.

விஐ

பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் எழுதிய விஐ, யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்தில் இடம்பெற்றது. யூனிக்ஸ் மரபில் வந்த அமைப்புகளில் மிகப் பரவலாகக் கிடைப்பதும் அதுவே. பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட விம் அதன் விரிந்த வடிவம். அவசர வேலைக்கு விம்மின் வசதிகள் எதையும் நம்பாதீர்கள்; எந்த விஐயிலும் வேலை செய்யும் விசைகளை மட்டும் பழகுங்கள்.

விஐ இரண்டு நிலைகளில் இயங்குகிறது. திறந்ததும் நீங்கள் இருப்பது கட்டளை நிலை. அங்கே தட்டும் எழுத்துகள் கோப்பில் விழாமல் கட்டளைகளாகவே எடுத்துக்கொள்ளப்படும். 'ஐ' விசையைத் தட்டினால் எழுதும் நிலைக்கு மாறுவீர்கள். எஸ்கேப் விசை உங்களை மறுபடி கட்டளை நிலைக்குக் கொண்டுவரும். எந்த நிலையில் இருக்கிறோம் என்று குழம்பினால், எஸ்கேப்பை இரண்டு முறை தட்டுங்கள். அதனால் கெடுவது ஒன்றுமில்லை.

கட்டளை நிலையில், 'எக்ஸ்' சுட்டியின் கீழுள்ள ஓர் எழுத்தை நீக்கும். 'டி' (d) இரண்டு முறை தட்டினால் முழு வரியும் போகும். 'யு' கடைசி மாற்றத்தைத் திரும்பப் பெறும். சாய்கோட்டுக்குப் பின் ஒரு சொல்லைத் தட்டி என்டர் கொடுத்தால் அதைத் தேடித் தரும். சேமித்து வெளியேற முக்காற்புள்ளியைத் தட்டி 'டபிள்யூ', 'கியூ', என்டர். எதையும் சேமிக்காமல் தப்பி வெளியே வர முக்காற்புள்ளி, 'கியூ', வியப்புக்குறி, என்டர். புதியவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது இந்தக் கடைசி வரியைத்தான், ஏனென்றால் கோப்பைக் குழப்பிவிட்டோம் என்று தோன்றிய கணத்தில் ஒன்றும் நடக்காததுபோல் வெளியே வருவதற்கு அது ஒன்றே போதும்.

விம்-டைனியில் பலரையும் திகைக்க வைப்பது அம்புக்குறி விசைகள். எழுதும் நிலையில் அவற்றைத் தட்டினால், சுட்டி நகராமல் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் வரியில் விழும். எஸ்கேப் தட்டிக் கட்டளை நிலைக்கு வந்து, 'எச்' இடப்பக்கம், 'ஜே' கீழே, 'கே' மேலே, 'எல்' வலப்பக்கம் என்று நகருங்கள். பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் இந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன.

ஈடி

கென் தாம்ப்சன் 1969-இல் பெல் ஆய்வகத்தில் எழுதிய ஈடி, காகிதத்தில் அச்சிடும் டெலிடைப் காலத்தது. திரை என்ற ஒன்று இருப்பதாகவே அது எண்ணுவதில்லை. ஒரு கட்டளைக்கு ஒரு விடை, அவ்வளவுதான். டெர்ம் மாறி கெட்டிருந்தாலும், சீரியல் இணைப்பு தள்ளாடினாலும், அது வேலை செய்வதற்குக் காரணம் இந்தப் பழமையே.

எஃப்எஸ்டேப்பின் ஏழாவது வரி தவறு என்று வைத்துக்கொள்வோம். ஈடியைக் கோப்பின் பெயருடன் தொடங்கினால், கோப்பின் அளவைப் பைட்டுகளில் ஓர் எண்ணாகக் காட்டிவிட்டு மௌனமாகிவிடும். காற்புள்ளியும் 'என்'னும் தட்டினால் எல்லா வரிகளும் எண்ணுடன் வரும். 7 என்று தட்டி, அதை ஒட்டியே 'எஸ்', சாய்கோடு, மேல்நோக்கிய கூரைக்குறி, சாய்கோடு, #, சாய்கோடு ஆகியவற்றைத் தட்டினால், ஏழாவது வரியின் தொடக்கத்தில் # சேர்ந்து, அந்த வரி செயலற்ற குறிப்பாகிவிடும். வரியை நீக்குவதைவிட இப்படி முடக்கி வைப்பதே நல்லது. நாளை பழைய மதிப்பைப் பார்க்க வேண்டிவரும். 'டபிள்யூ' சேமிக்கும், 'கியூ' வெளியேற்றும், 'யு' திரும்பப் பெறும். புதிய வரி சேர்க்க 'ஏ' தட்டி, வரியை எழுதி, அடுத்த வரியில் ஒரு புள்ளியை மட்டும் இட்டு முடிக்க வேண்டும். தவறு நேர்ந்தால் அது காட்டுவது ஒரு கேள்விக்குறி மட்டுமே. பேரெழுத்தில் 'எச்' தட்டினால் அதன் பின் காரணத்தையும் சொல்லத் தொடங்கும்.

பல லினக்ஸ் விநியோகங்கள் இப்போது ஈடியை இயல்பாக நிறுவுவதில்லை. கணினி நலமாக இருக்கும்போதே ஈடியையும் பிசிபாக்ஸ்-ஸ்டாட்டிக்கையும் நிறுவி வையுங்கள். இரண்டும் வட்டில் எடுக்கும் இடம் மிகக் குறைவு. பிறகு ஒரு மெய்நிகர் கணினியில் எஃப்எஸ்டேப்பில் இல்லாத வட்டு ஒன்றை வேண்டுமென்றே எழுதி, மறுதொடக்கம் செய்து, அவசர நிலையிலிருந்து மீட்டுப் பாருங்கள்.

திருத்தியே இல்லாவிட்டால்

அப்போதும் வழி உண்டு. செட் (sed) கட்டளை ஈடியின் அதே மாற்றுக் கட்டளையைப் புரிந்துகொள்ளும். கழித்தற்குறி 'ஐ' என்ற தெரிவுடன், புள்ளி-பேக் என்ற முடிவையும் ஒட்டிக் கொடுத்தால், பழைய கோப்பின் நகலை அந்த முடிவுடன் வைத்துவிட்டுக் கோப்பையே மாற்றும். ஒரு வரியைக் கோப்பின் இறுதியில் சேர்ப்பதற்கு எக்கோ கட்டளையும் இரட்டைக் குறியும் (>>) போதும். அந்தக் குறி ஒற்றையாக (>) விழுந்தால், கோப்பில் முன்பிருந்த அனைத்தும் அழிந்து புதிய வரி மட்டும் நிற்கும். இரவு இரண்டு மணிக்கு வேலை செய்பவர், என்டர் தட்டும் முன் இந்தக் குறியை மட்டுமாவது விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

சேமிக்கும் முன்

எந்தத் திருத்தியானாலும் முதல் வேலை, கோப்பின் காப்பு நகல். அதை ரூட் பயனரின் சொந்த அடைவில் வையுங்கள். வலையிணைப்பை அமைக்கும் நெட்பிளான் போன்ற கருவிகள் தம் அடைவிலுள்ள எல்லா யாமல் கோப்புகளையும் படிப்பதால், நகலை அதே இடத்தில் அதே முடிவுடன் விட்டால், பழைய அமைப்பும் புதியதும் சேர்ந்தே செயலுக்கு வரும்.

ரூட் கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலையில் இருந்தால், நகலெடுப்பதும் சேமிப்பதும் நடக்காது. மவுண்ட் கட்டளையை ரீமவுண்ட், ஆர்டபிள்யூ என்ற தெரிவுகளுடன் ரூட் அடைவுக்குக் கொடுத்து, எழுதும் நிலைக்கு முதலில் மாற்றுங்கள். விஐக்குள் சென்று நீண்ட திருத்தம் செய்த பிறகுதான் இது நினைவுக்கு வந்ததா? வெளியேற வேண்டாம், முக்காற்புள்ளி, வியப்புக்குறி ஆகியவற்றுக்குப் பின் அதே மவுண்ட் கட்டளையைத் தட்டினால், திருத்தியின் உள்ளிருந்தே அது நிறைவேறும். தரவு சிதைந்த காரணத்தால் கெர்னலே வட்டைப் படிக்க மட்டும் என்று மாற்றியிருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே திருத்தியின் முறை, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே சோதனைக்குப் பிறகுதான் வரும்.

வட்டு நிரம்பியிருப்பது இன்னும் ஆபத்தானது. சில திருத்திகள் பழைய கோப்பைக் காலி செய்துவிட்டுப் புதியதை எழுதத் தொடங்கும். எழுத இடம் இல்லாவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது வெறும் கோப்பு. பழைய பதிவுக் கோப்புகளை நீக்கி முதலில் சிறிது இடம் உண்டாக்குங்கள். ரன் அடைவு நினைவகத்தில் இயங்குவது என்பதால், காப்பு நகலைத் தற்காலிகமாக அங்கே வைக்கலாம். மறுதொடக்கத்தில் அது மறைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

தமிழில் குறிப்புகள் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லினக்ஸின் அடிப்படை முனையத்தில் ஒரு நேரத்தில் அதிகபட்சம் 512 எழுத்துருவங்களே இடம்பெற முடியும்; தமிழின் கூட்டெழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் திறனும் அதற்கு இல்லை. நல்ல வேளையில் அழகாகத் தெரிந்த தமிழ்க் குறிப்பு, அவசர நேரத்தில் வெறும் கட்டங்களாகத் தெரியும். இந்தக் கோப்புகளில் மட்டும் குறிப்புகளை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.

லைவ் யுஎஸ்பியில் வந்தால்

சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற மீட்பு யுஎஸ்பியிலோ, உபுண்டுவின் நிறுவல் யுஎஸ்பியிலோ பூட் செய்தால், நானோவும் விஐயும் தயாராக இருக்கும். உபுண்டுவில் வரைகலைத் திருத்தியும் கிடைக்கும். முடிந்தால் இந்த வழியையே புதியவர்களுக்குச் சொல்வேன். கிளவுட் சர்வரில் இதற்கு இணையானது, பழுதான வட்டைக் கழற்றி நலமான இன்னொரு சர்வரில் இணைத்துத் திருத்துவது.

இங்கே எளிதாக நேரும் பிழை, தவறான கோப்பைத் திருத்துவது. உங்கள் வட்டை எம்என்டி அடைவில் பொருத்தியிருந்தால், திருத்த வேண்டிய எஃப்எஸ்டேப் எம்என்டிக்குள் உள்ள எட்சி (etc) அடைவில் இருக்கிறது. பழக்கத்தில் நேரே எட்சி என்று தட்டினால், யுஎஸ்பியின் சொந்தக் கோப்புதான் திறக்கும். நீங்கள் எதிர்பார்த்த வரிகள் அங்கே தெரியாவிட்டால், உடனே வெளியே வந்து பாதையைப் பாருங்கள். எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கும் ரெட்ஹேட், ஃபெடோரா கணினிகளில், வெளியிலிருந்து திருத்திய கோப்பு தன் பாதுகாப்பு முத்திரையை இழக்கக்கூடும். வட்டின் ரூட் அடைவில் ஆட்டோரீலேபல் என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியுடன், வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கினால், அடுத்த பூட்டில் முத்திரைகள் புதுப்பிக்கப்படும். பெரிய வட்டில் இதற்கு நேரம் ஆகும்.

மறுதொடக்கத்துக்கு முன்

சேமித்த உடனே ரீபூட் தட்டாதீர்கள். ஃபைண்ட்எம்என்டி (findmnt) கட்டளைக்கு வெரிஃபை என்ற தெரிவைக் கொடுத்தால் எஃப்எஸ்டேப்பைச் சோதித்துச் சொல்லும். சூடோயர்ஸை நேரடியாகத் திறக்காமல் விசூடோ வழியாகவே திருத்துங்கள். இலக்கணப் பிழையுடன் சேமிக்க முயன்றால் அது உங்களைத் தடுத்து எச்சரிக்கும். சூடோவே கெட்டுப்போய், ஆனால் கணினி ஓடிக்கொண்டிருந்தால், நிர்வாக உரிமை பெற்றுத் தரும் இன்னொரு கட்டளையான பிகேஎக்ஸெக் வழியாக விசூடோவைத் தொடங்க முடிகிறதா என்று பாருங்கள். பல நேரம் மறுதொடக்கமே தேவைப்படாது. எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்பை மாற்றியிருந்தால், எஸ்எஸ்எச்டி நிரலைக் கழித்தற்குறி 'டி'யுடன் (-t) ஓட்டிச் சோதியுங்கள். கிரப்பின் இயல்பமைப்புக் கோப்பை மாற்றியவர்கள், டெபியன் வகைகளில் அப்டேட்-கிரப் ஓட்டினால்தான் அந்த மாற்றம் பூட் பட்டியலுக்குப் போய்ச் சேரும். குறியாக்கம் செய்த வட்டுகளுக்கான கிரிப்ட்டேப்பைத் தொட்டிருந்தால், இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பிக்க வேண்டும். இந்த இரண்டையும் லைவ் யுஎஸ்பியிலிருந்து செய்வதானால், பொருத்திய வட்டையே ரூட்டாகக் கொள்ள வைக்கும் சிஎச்ரூட் கட்டளை வழியாக உங்கள் வட்டுக்குள் நுழைந்த பிறகே செய்ய வேண்டும்.

அவசர நிலையிலிருந்து எஃப்எஸ்டேப்பைத் திருத்தியவர்கள், சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுத்து, மவுண்ட் கட்டளையைக் கழித்தற்குறி 'ஏ'யுடன் ஓட்டிப் பார்க்கலாம். பிழை எதுவும் வராவிட்டால், அங்கிருந்தே சிஸ்டம்சிடிஎல் டிஃபால்ட் என்று கொடுத்து வழக்கமான பூட்டைத் தொடரலாம். கெர்னல் வரியில் பாஷைச் சேர்த்து நுழைந்தவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே சிஸ்டம்டியே ஓடவில்லை. எக்ஸிட் என்று தட்டினால் முதல் நிரலே மடிந்து கெர்னல் பேனிக் வரும். சிங்க் கட்டளையால் நினைவகத்தில் உள்ளதை வட்டுக்கு எழுதச் சொல்லி, ரூட் கோப்பு முறைமையை மறுபடி படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிட்டு, ரீபூட் கட்டளையைக் கழித்தற்குறி 'எஃப்'புடன் கொடுங்கள்.